வலப்பக்கம் வைத்த சோறு

கடையில் றோபோ வாங்கிவிட்டார்கள் என்று தர்சினி தொலைபேசியில் சொன்னபோது நான் ரொறொன்ரோவில், மல்வேர்ன் பக்கத்தில், என் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். "எடி, உனக்கு வேற நேரம் கிடைக்கேல்லையே?" என்று ஏசிவிட்டுத்தான் காதைக் கொடுத்தேன்.

தர்சினி இங்கேயே பிறந்த பிள்ளை. எங்கள் பங்குக் கோயிலில் பாட்டுப் பாடுகிறவள். நான் வேலை செய்த கொரியச் சூப்புக்கடையில், நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்து, இன்றைக்குக் குசினிக்கே பொறுப்பாக நிற்கிறாள். கடையில் ஏதாவது சிக்கல் என்றால் எனக்குத்தான் தொலைபேசி அடிப்பாள்.

"அன்ரி, உது சாப்பாடு கொண்டுபோற றோபோ. மேசைக்குக் கிட்டப் போய் நிக்கும். சனம் தாங்களே கிண்ணத்தை எடுக்கவேணும். பட், சீரியஸ்லி, ஒரு பிரச்சினை. நாங்கள் எந்த மேசைக்கு அனுப்பினாலும் உது முதல்லை ஜன்னல் மூலை மேசைக்குத்தான் போகுது. அங்கை ஒருத்தரும் இல்லை. போய் நிண்டு, சாப்பாட்டை எடுங்கோ எண்டு சொல்லுது. கம்பனிக்காரன் வந்து பாத்திட்டான். உள்ளுக்கை பிழை ஒண்டும் இல்லையாம்."

நான் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

"அந்த மேசையிலை எந்தக் கதிரைக்குப் பக்கத்திலை நிக்குது? சுவரோடை இருக்கிறதுக்கோ, மற்றதுக்கோ?"

தர்சினி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சுவரோடை இருக்கிறதுக்கு. உங்களுக்கெப்பிடி அன்ரி தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாறன். வந்து சொல்றன்."

போனேன். ஆனால் போன இடத்தில் நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். தர்சினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மெல்ல மெல்ல எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும்.

அந்தக் கடைக்கு நான் சமைக்கப் போகவில்லை, கழுவப் போனேன். அதற்கு முதல் டோனற் கடை, பிளாஸ்ரிக் தொழிற்சாலை, ஹோட்டல் லோண்டரி என்று இந்த நகரத்தில் மன்னார்ப் பெண்ணொருத்தி படக்கூடிய பாடெல்லாம் பட்டுவிட்டேன். நகரின் வடக்கே கொரியக் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில், பஸ் மாறி மாறிப் போய் இறங்கினால், கதவைத் திறக்கும்போதே எலும்பு அவிகிற மணம் முகத்தில் அடிக்கும். முதல் கிழமை எனக்குக் குமட்டல். இது சாப்பாட்டுக்கடையா, சவர்க்காரம் காய்ச்சுகிற இடமா என்று நினைத்தேன். பிறகு அந்த மணம் என் தலைமயிரிலும் கோட்டிலும் ஏறிவிட்டது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைத் தடவுவார்கள். தடவட்டும், நான் என்ன செய்ய?

மிஸிஸ் ஹான் கடைக்கும் முதலாளி, எலும்பு அவிகிற அந்தப் பெரிய கிடாரத்துக்கும் முதலாளி. கட்டையான உருவம், தலைமயிரை இறுக்கிக் கட்டிய துணி, வாய் திறப்பது குறைவு. அவருடைய ஆங்கிலத்தையும் என்னுடைய ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் ஒரு முழு ஆங்கிலம் வராது. ஆகையால் அவர் சொன்னவற்றை என் தமிழிலேயே எழுதுகிறேன். அவர் ஒருநாளும் ஏசியதில்லை. பிழையாகச் செய்த பொருளை எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், என்ன பிழை என்று எனக்கே விளங்குகிற வரைக்கும். ஏச்சு வாங்கி வளர்ந்த எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

கழுவுகிற இடத்திலிருந்து கிடாரத்தடிக்கு அவர் என்னைக் கூப்பிட்டபோதுதான் வேலை தொடங்கியது. அவர்களுடைய சூப்புச்சோறு என்பது சோற்றின் மேல் சூப்பை ஊற்றிக் கொடுப்பதல்ல. ஆறிய சோற்றைத்தான் எடுப்பார். சுடுசோறு சூப்பில் கரைந்து கஞ்சியாகிவிடுமாம். மண் கிண்ணத்தில் சோற்றை வைத்து, கிடாரத்திலிருந்து ஒரு அகப்பை சூப்பை அதன்மேல் விட்டு, அகப்பையின் முதுகால் சோற்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைச் சரித்து, சூப்பை மட்டும் திரும்பக் கிடாரத்துக்குள் வடிய விடவேண்டும். மறுபடி விட்டு, மறுபடி வடித்து, அப்படியே போகும். எத்தனை தரம் என்று கேட்டால் சொல்லமாட்டார். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சோறு சுட்டால் போதாது. சோறும் சூப்பும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். தொடக்கத்தில் என் சோற்றில் பாதி கிடாரத்துக்குள்தான் போனது. அவர் அந்தச் சோற்றை அரித்தெடுத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் சோற்றுக்கு மேல் சொதி விடுகிறவர்கள், இவர்கள் சொதிக்குள் சோற்றை விடுகிறவர்கள், வித்தியாசம் அவ்வளவுதான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் விசர். அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு நாட்டுச் சனமே இருந்தது. சந்தையில் மூட்டை தூக்கியவர்கள், நின்ற நிலையில் சாப்பிட்டுவிட்டு ஓடவேண்டியவர்கள், அவர்களுக்குத்தான் முதலில் சோறும் சூப்பும் ஒன்றாகக் கிடைத்ததாம். பெரிய வீடுகளில் சோறு வேறு, சூப்பு வேறு. கலந்து சாப்பிடுவது மரியாதைக்குறைவு. அதனால் மூத்தவருக்கோ விருந்தாளிக்கோ கொடுக்கும்போது சோற்றுக்கு மூடி போட்டு வேறாகவே வைப்பார்கள். ரொறொன்ரோவில் அதுவும் தலைகீழ். கூரை அடிக்கிற பெடியள் கையில் தாரோடு வந்து வேறாகக் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர் கலந்து கொண்டுவாருங்கள் என்பார். மிஸிஸ் ஹான் இரண்டு பேரையும் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொள்வார்.

கொஞ்சக் காலத்தில், ஒருவர் என்ன சூப்புக் கேட்கிறார் என்று கேட்டால் அவருடைய வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கடற்பாசிச் சூப்பென்றால் பிறந்தநாள். பிள்ளை பெற்ற தாய் குடிக்கிற சூப்பு அது. தாயை நினைத்துப் பிறந்தநாளில் பிள்ளை குடிக்கிறது. படிக்க வந்த பிள்ளைகள் தனியே வந்து மூலையில் இருந்து அதைக் குடித்துவிட்டுப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும். அதே பிள்ளைகள் பரீட்சை நேரம் அதைத் தொடமாட்டார்கள்; பாசி வழுக்கும், படித்ததும் வழுக்கிவிடுமாம். அரிசிமாத் துண்டு போட்ட வெள்ளைச் சூப்பென்றால் புதுவருடம். அதைக் குடித்தால் ஒரு வயது கூடும். மாட்டிறைச்சியைக் கிழித்துப் போட்டு மிளகாய்த்தூளால் சிவப்பாக்கிய சூப்பைப் பெரிய பாத்திரங்களில் கட்டித்தரச் சொல்லிக் கேட்டால், செத்தவீடு. சிவப்பைக் கண்டால், பின்னால் வருகிற பேய் பிசாசு கிட்ட வராதாம். அந்த ஓடர் வருகிற நாட்களில் குசினியில் நாங்கள் சத்தம் போட்டுக் கதைக்கமாட்டோம்.

ஒருநாள் பரிமாறுகிற பெண் வரவில்லை. மத்தியானச் சனம் போய், பின்னேரச் சனம் வராத நேரம். மிஸிஸ் ஹான் தட்டத்தை என்னிடம் தந்து ஜன்னல் மூலை மேசையைக் காட்டினார். அங்கே மிஸ்டர் யூன் இருந்தார். கன காலம் மூலைக்கடை வைத்திருந்துவிட்டு ஓய்ந்துபோன மனிதர். உயரம், மெலிவு, எப்போதும் கழுத்துப்பட்டி. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். ஆனால் கதவு மணி கிணுங்கும் ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்ப்பார். எதிரே சுவரோடு இருந்த கதிரையில் எவரும் இல்லை. இருந்தும் அவர் கேட்பது இரண்டு கிண்ணம். தனக்குக் கலந்தது, எதிர்க்கதிரைக்கு வேறாக, மூடி போட்ட சோறோடு.

நான் அவருடையதை வைத்தேன். பிறகு எதிர்ப்பக்கம் போய் மற்றதை வைத்தேன். சோற்றை வலப்பக்கம், சூப்பை இடப்பக்கம். வேறெப்படி வைப்பது? எங்களுக்கு வலக்கை சோற்றுக்கு, இடக்கை தண்ணீருக்கு. எந்தத் தமிழ்ப்பெண்ணும் யோசிக்காமல் அப்படித்தான் வைத்திருப்பாள்.

மிஸிஸ் ஹான் ஓடிவந்தார். அவர் ஓடி நான் அதுவரை கண்டதில்லை. இரண்டு கையாலும் அந்தக் கிண்ணங்களைப் பிடித்து இடம் மாற்றி வைத்தார். மிஸ்டர் யூனின் முகத்தில் இரத்தமில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, எதிர்க்கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினிக்குள் வந்ததும் மிஸிஸ் ஹான் முதல்முறையாக எனக்கு நீளமாகச் சொன்னார்.

"உயிரோடை இருக்கிறவைக்குச் சோறு இடப்பக்கம், சூப்பு வலப்பக்கம். போனவைக்குப் படைக்கேக்கைதான் மாறி வைக்கிறது. அங்கை எல்லாம் மாறித்தானே."

மாதாவே, என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஊரில் எங்கள் அயலில் இருந்த சைவக்காரரும் இலை போடுகிறபோது நுனி எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நல்ல காரியத்துக்கு ஒரு பக்கம், செத்தவீட்டுக்கு மற்றப் பக்கம். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப அந்தக் கதிரையிலை ஆர்?"

"அவரின்ரை அண்ணை. வரப் பிந்துது."

அவர்களுடைய நாட்டுச் சண்டையில் சனம் தெற்கே ஓடியபோது மிஸ்டர் யூன் சின்னப் பொடியன். தமையன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன். ஒரு சந்தையில் எவரோ எலும்புச் சூப்புக் காய்ச்சிக்கொண்டு நின்றார்களாம். தமையன் ஒரு கிண்ணம் வாங்கி, அப்படியே தம்பியின் கையில் கொடுத்து, "நீ சாப்பிடு, நான் இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. செத்தானென்று கண்டவரும் இல்லை, இருக்கிறானென்று சொன்னவரும் இல்லை. அன்றைக்குக் கிடைத்த மாதிரியே மிஸ்டர் யூன் தனக்குக் கலந்ததைக் கேட்கிறார். மூத்தவனுக்கு மரியாதையாக வேறாகக் கேட்கிறார்.

"பிந்தி வாறவருக்கு நான் எவ்வளவு காலமும் கிண்ணம் வைப்பன்" என்றார் மிஸிஸ் ஹான். "போனவைக்கு என்ரை கடையிலை தட்டம் இல்லை. ஒருக்கா வைச்சா வழி தெரிஞ்சிடும். வழி தெரிஞ்சா வந்துகொண்டே இருப்பினம்."

அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தைக் கவனிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கலந்த சூப்பென்றால் சோறு சூப்பைக் குடித்து ஊதிவிடும். கிண்ணம் குறைந்து வருவதில் அதிசயமில்லை. ஆனால் இதில் சோறு வேறாக, மூடிக்குள் இருக்கிறது. எவரும் தொடாத சூப்பு ஒவ்வொரு தரமும் குறைந்தே குசினிக்குத் திரும்பி வந்தது. மண்பாத்திரம் குடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற மேசைக் கிண்ணங்களும் மண்தானே, அவை ஏன் குடிக்கவில்லை? மிஸ்டர் யூனுடைய கிண்ணத்து ஆவி நேரே மேலே போகும். எதிர்க்கிண்ணத்து ஆவி சுவர்ப்பக்கம் சரியும், எவரோ குனிந்து மூச்சை உள்ளே இழுப்பதுபோல. மிஸிஸ் ஹானிடம் காட்டினேன். "விசிறி" என்றார். விசிறி இருந்தது மற்ற மூலையில். இரண்டு பேரும் அதைப் பார்த்தோம், பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேவியர். எனக்கு நேரே இளையவன். நான் அந்தக் கிடாரத்தோடு நின்ற காலத்தில், ஊரின் கடைசிச் சண்டையில் காணாமற்போனான். கண்டவர் இல்லை, உடல் இல்லை. அம்மா கண் மூடுகிற வரைக்கும் தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: "அவனைச் செத்தவையோடை சேர்த்துப்போடாதை பிள்ளை." கார்த்திகையில் எங்கள் கோயிலில் இறந்த ஆத்துமாக்களுக்காகப் பெயர் சொல்லி மன்றாடுவார்கள். அப்பாவின் பெயரைச் சொன்னேன், பிறகு அம்மாவின் பெயரையும் சொன்னேன். சேவியரின் பெயரைச் சொல்லவில்லை. உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டிலும் சொல்ல நா எழவில்லை. அவன் இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றான். யாருக்குச் சொல்லி அழ?

மிஸ்டர் யூன் நன்றாக இளைத்துப்போன ஒரு மாரிகாலம். வழமையான நேரத்தில் வந்தார். மேசைக்குப் போகாமல் கல்லாவடியில் நின்று மிஸிஸ் ஹானோடு கொரிய மொழியில் மெதுவாகப் பேசினார். மிஸிஸ் ஹான் தலையை ஆட்டி மறுத்தார். அவர் மறுபடி ஏதோ சொல்லிக் குசினிப் பக்கம் நாடியால் காட்டினார். மிஸிஸ் ஹான் உள்ளே வந்து, கிடாரத்தின் நெருப்பைத் தணித்தார். கடை திறந்திருக்கும்போது அவர் நெருப்பைத் தணிப்பது இல்லை.

"அவருக்கு ஒப்பறேசனாம். தப்புவார் எண்டு டொக்டர்மார் சொல்லேல்லை" என்றார். "அவருக்குப் பிறகு அண்ணையின்ரை முகம் தெரிஞ்ச ஒருத்தரும் உலகத்திலை இல்லை. செத்தவர் எண்டு சொல்லி இண்டைக்கு ஒருக்கா வைக்காட்டி, இனி ஒருநாளும் அவருக்கு ஆரும் சோறு வைக்கப்போறதில்லை. பசியோடை திரிவாராம்."

"அப்ப வைக்கட்டுமே."

"அவரின்ரை கையாலை ஏலாதாம். வைச்சா, அண்ணையைத் தானே கொன்ற மாதிரியாம். என்னைக் கேட்டார். நான் மாட்டன் எண்டிட்டன்." மிஸிஸ் ஹான் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "முந்தி ஒருக்காப் பிழையா வைச்ச பொம்பிளை நிக்கிறாவோ எண்டு கேக்கிறார். அவ இண்டைக்கும் பிழை விடட்டுமாம். பிழை எண்டா அது ஒருத்தரும் எடுத்த முடிவில்லையே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரான் வீட்டு அண்ணனைச் சாகடிக்க என் கைதானா கிடைத்தது? சொந்தத் தம்பிக்கே நான் செய்யாத வேலை.

"ஏலாதெண்டு போய்ச் சொல்லுங்கோ" என்றேன். "நான் என்ன, காலனுக்குக் கைக்கூலியோ?"

அவர் வற்புறுத்தவில்லை. மூடி போட்ட சோற்றுக் கிண்ணத்தை எனக்கு முன்னால் வைத்தார். சூப்புக் கிண்ணத்தை வைத்தார். நடுவில் வெறும் தட்டத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய பழைய வழக்கம்தான். ஆனால் இந்த முறை அதில் நான் கண்டுபிடிக்க ஒரு பிழையும் இல்லை.

பரிமாறுகிற ஜன்னலால் பார்த்தேன். மிஸ்டர் யூன் தன் இடத்தில் நிமிர்ந்து இருந்தார். பின்கழுத்து மெலிந்து, சட்டைக் கழுத்து அகலமாகிவிட்டிருந்தது. முன்னால் இருந்த தன் கிண்ணத்தை அவர் தொடவே இல்லை. சின்னப் பொடியன் ஒருவன் சந்தையில் சூடான கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடவா, அண்ணன் வரட்டுமா என்று தெரியாமல் இருக்கிற இருப்பு அது. எனக்கு அழுகை வந்தது. தட்டத்தைத் தூக்கினேன்.

மேசையில் என் கையை அதன் பாட்டுக்கு விட்டேன். சோறு வலப்பக்கம் போனது. சூப்பு இடப்பக்கம் போனது. மிஸிஸ் ஹான் ஓடிவரவில்லை.

அப்போது கதவு மணி கிணுங்கியது. மிஸ்டர் யூன் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் திரும்பவில்லை. நான் பார்த்தேன். கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது. உள்ளே எவரும் வரவில்லை. வெளியே பனிக்காற்று என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குளிர் தரையோடு வந்து என் கணுக்காலைத் தடவிக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுவர்ப்பக்கம் போனது. நான் அசையவில்லை. எதிர்க்கிண்ணத்து ஆவி, சரிந்தும் போகாமல் மேலேயும் போகாமல், கதிரையின் முன்னால் அப்படியே நின்றது.

மிஸ்டர் யூன் எழுந்தார். கோட்டோடும் கழுத்துப்பட்டியோடும் தரையில் முழங்காலிட்டு, நெற்றி நிலத்தில் பட இரண்டு தரம் வணங்கினார். சோற்று மூடியைத் தானே எடுத்தார். கரண்டியைச் சோற்றின் நடுவில் நிமிர்த்திக் குத்தினார். அதுவும் போனவர்களுக்கு மட்டும் செய்கிற காரியம். பிறகு எதிர்க்கதிரையைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். அவர் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டு நின்றேன்.

அவர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன்.

"அண்ணை, ஆற முன்னம் சாப்பிடுங்கோ எண்டு சொன்னவர்" என்றார் மிஸிஸ் ஹான்.

மிஸ்டர் யூன் போன பின் மேசையைத் துடைக்கப் போனேன். சூப்புக் கிண்ணத்தின் அடி காய்ந்திருந்தது. சோற்றில் கரண்டியைச் சுற்றி ஒரு குழி. மேசையிலிருந்து நான் கண்ணை எடுக்கவே இல்லை. அவர் அந்தக் கிண்ணத்தில் வாய் வைக்கவில்லை. மிஸிஸ் ஹான் பின்னால் வந்து இரண்டையும் என் கையிலிருந்து வாங்கினார்.

"நான் கழுவிறன்" என்றார். கழுவுகிற இடத்தில் நின்றபடி, திரும்பாமல், "இனி வழி தெரியும்" என்றும் சொன்னார்.

பனி கரைய முதல் ஒரு காலை தொலைபேசி அடித்தது. பெரிய பாத்திரங்களில் சிவப்புச் சூப்பு வேண்டுமாம். எந்தப் பெயருக்கு என்று கேட்டேன். "யூன்" என்றாள் மிஸ்டர் யூனின் மகள். நானும் மிஸிஸ் ஹானும் அன்று முழுவதும் இறைச்சி கிழித்தோம்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. மிஸிஸ் ஹான் கடையை விற்றுவிட்டு தன் மகளோடு விட்பி நகருக்குப் போனார். புது முதலாளிக்கு இடமும் வலமும் ஒன்றுதான். எது எந்தப் பக்கம் என்று புதிதாக வந்தவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் நின்ற வரைக்கும், போகிற வருகிற வழியில் தட்டங்களைத் திருப்பி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு முழங்கால் ஏலாமல் போய் நானும் நின்றுவிட்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து போனேன். தர்சினி வாசலுக்கே ஓடிவந்தாள்.

"அன்ரி, எந்த மேசை வேணும்?"

"அதுதான்."

"நோ வே! ஓகே, ஓகே. என்ன குடிக்கிறியள்?"

"ரெண்டு சூப்புச்சோறு. எனக்குக் கலந்து. மற்றது வேறாக, மூடி போட்டு."

"ஆரும் வருகினமோ?"

"ஓம். தம்பி. பிந்தித்தான் வருவான்."

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத் தம்பி இருப்பது அவளுக்குத் தெரியாது. நான் கோயிலில் ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லையே. மிஸ்டர் யூன் இருந்த கதிரையில் வாசலுக்கு முதுகைக் காட்டி இருந்தேன். வேண்டுமென்றே இருந்தேனா, கால் கொண்டுபோய் இருத்தியதா, எனக்குத் தெரியாது.

றோபோ வந்தது. சின்னப் பிள்ளையின் குரலில் பாடிக்கொண்டு, மற்ற மேசைகளுக்குள் நெளிந்து நெளிந்து வந்தது. எனக்குக் கிட்ட நிற்கவில்லை. சுற்றிப் போய்ச் சுவர்ப்பக்கக் கதிரைக்கு முன்னால் நின்று, சாப்பாட்டை எடுங்கள் என்று அந்த வெறும் கதிரைக்குச் சொன்னது.

"பாத்தியளோ? பாத்தியளோ அன்ரி?" தர்சினி பின்னால் ஓடிவந்தாள். "இருங்கோ, நான் வைக்கிறன்."

என் கிண்ணத்தை எனக்கு முன்னால் வைத்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். இங்கே பிறந்தவள், ஆங்கிலத்தில் கனவு காண்கிறவள், கரண்டியும் முள்ளுமாக வளர்ந்தவள். அவளுடைய கை யோசிக்கவில்லை. சோற்றை வலப்பக்கம் வைத்தது. சூப்பை இடப்பக்கம் வைத்தது.

திருப்பி வையடி என்று சொல்ல வாய் திறந்தேன். ஒரு சொல் போதும். எட்டி நானே இரண்டு கையாலும் மாற்றியிருக்கலாம். ஓய்வுபெறும் வரைக்கும் செய்த வேலைதானே. அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. சேர்த்துப்போடாதை பிள்ளை. எனக்கும் வயது போகிறது அம்மா, எனக்குப் பிறகு அவன் முகம் ஆருக்குத் தெரியும்? மேசைக்குக் கீழே என் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

கதவு மணி கிணுங்கியது. நான் திரும்பவில்லை.

தர்சினிதான் வாசலைப் பார்த்தாள். "ஒருத்தரும் இல்லை. காத்து" என்றாள். கணுக்காலில் குளிர் பட்டுக்கொண்டு போனது. றோபோ இன்னும் போகாமல் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றது. எதிர்க்கிண்ணத்து ஆவி அசையாமல் நின்றது.

"என்ன அன்ரி, ஒரு மாதிரிப் பாக்கிறியள்? பிழையா வைச்சிட்டனோ?"

"இல்லைப் பிள்ளை. சரியாத்தான் வைச்சிருக்கிறாய்."

அவள் போகும்வரை இருந்துவிட்டுச் சிலுவை போட்டேன். நித்திய இளைப்பாற்றியை அவனுக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று, இத்தனை வருடமும் அவனுக்குச் சொல்லாத செபத்தைச் சொல்லி முடித்தேன். பிறகு எழுந்து, எட்டிச் சோற்று மூடியை எடுத்தேன்.

"சேவியர்" என்றேன். "ஆற முன்னம் சாப்பிடு."